எல்லைக் கடைத்தெருவில் இடம்பெயர்ந்தவரின் கடைக்காணி: வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கடைத்தெரு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

மட்டக்களப்பு மாவட்டத்தில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் முட்டுகிற பக்கம், ஏ15 வீதியோரம் ஒரு கடைக்காணி விலைக்கு வந்திருக்கிறது. விபரம் இதுதான். 1970களில் எழுதிய உறுதி (காணிப் பத்திரம்), ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயரில் உள்ளது. குடும்பம் 1990 இல் போரால் இடம்பெயர்ந்தது. அவர் உயிரோடு இல்லை. மூன்று பிள்ளைகளில் இருவர் கனடாவில், ஒருவர் மட்டக்களப்பில். மூவரும் விற்கச் சம்மதம் என்கிறார்கள். மூல உறுதி தொலைந்துவிட்டது, மங்கிய போட்டோப் பிரதி ஒன்றுதான் இருக்கிறது. அதில் "கிழக்கு மேற்கு 5 பாகம், வடக்கு தெற்கு 10 பாகம்" என்று கிடக்கிறது.

கடையை இப்போது நடத்துகிறவர் ஓட்டமாவடி வியாபாரி. தனக்கு முன் இருந்தவருக்குக் காசு கொடுத்துத்தான் வந்ததாகச் சொல்லி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த ஒரு துண்டைக் காட்டுகிறார். சோலைவரியும் (பிரதேச சபைக்குக் கட்டும் சொத்து வரி) அவர்தான் கட்டி வருகிறார்.

உறுதி யாருடைய பக்கம் நிற்கும்? என்னென்ன கடதாசி எடுக்க வேண்டும்? இடம் எப்படிப்பட்டதென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கடைச் சண்டை இரண்டு ஊர்ச் சண்டையாக மாறாத வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

பழைய ஏடு

முதல் வேலை காணிப் பதிவகம். மூல உறுதி தொலைந்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் மூன்று படிகள் உண்டு. ஒன்று வாங்கினவர் கைக்குப் போகும். ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மற்றது அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இடம்பெயர்வில் தொலைந்தது முதலாவது மட்டுமே. உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் அந்த மங்கிய பிரதியில் வாசிக்க முடிந்தால், மட்டக்களப்புப் பதிவகத்தில் விண்ணப்பித்துச் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

அதோடு நின்றுவிடாமல், அந்தக் காணிக்கு எழுதிய உறுதிகள் எல்லாம் வரிசையாகப் பதியப்படும் பதிவேட்டுத் தாளையும் எடுத்துப் பாருங்கள். உறுதியின் பின்பக்கப் பதிவுக் குறிப்பில் தொகுதி இலக்கமும் தாள் இலக்கமும் இருக்கும். போட்டோப் பிரதி எடுக்கிறவர்கள் முன்பக்கத்தோடு விட்டுவிடுவார்கள், அதனால் இலக்கம் கிடைக்காமல் போகலாம். அப்போது பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைத்தெருக் காணிகள் பெரும்பாலும் ஒரே பெரிய வளவிலிருந்து பிரிந்தவை. தாய்க்காணியின் தாள் இலக்கம் அதில் அகப்படும், அங்கிருந்து இறங்கி வரலாம். தாள் நிரம்பினால் பதிவு வேறு தாளுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருக்கும். அந்த இலக்கம் அடியில் எழுதப்பட்டிருக்கும். கடைசித் தாள்வரை போய்விட்டுத்தான் "பாரம் எதுவும் இல்லை" என்று சொல்ல வேண்டும். ஈடு, குத்தகை, வழக்குப் பதிவு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நம் பக்கத்தில் ஒரு தனி விசயம் உண்டு. தமிழரோ முஸ்லிம்களோ, வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது கிழக்கின் வழக்கம். ஆகவே பழைய உறுதிகளைத் தேடும்போது தகப்பன் வழியை விட்டுத் தாய் வழியில் தேடுங்கள். அந்தப் பெண்மணிக்குக் காணி எப்படி வந்தது என்று பாருங்கள். தாயின் சீதன உறுதியாக இருந்தால், தாய் தனக்கு ஆயுட்கால உரிமையை வைத்துக்கொண்டு எழுதினாரா, சகோதரிகளுக்கும் அதே காணியில் பங்கு இருந்ததா என்று வாசிக்க வேண்டும். குறைந்தது 30 வருடத் தொடர் பார்ப்பது நொத்தாரிசுமாரின் வழமை. எல்லைப் பக்கக் காணிக்கு 1983க்கு முன் வரை போவது நல்லது.

1990 இன் இரண்டாம் பாதியில் எழுதப்பட்ட உறுதி ஏதும் அந்தத் தாளில் வந்திருந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர், வீரமுனை, செப்டெம்பரில் சத்துருக்கொண்டான் என்று படுகொலைகள் நடந்த காலம் அது. இரண்டு சமூகத்திலும் பயத்தில் கிடைத்த விலைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு, ஆளில்லாத காணிக்குக் கள்ளக் கையெழுத்து வைத்தவர்களும் உண்டு. சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. கள்ளக் கையெழுத்து உறுதியால் எந்த உரிமையும் கைமாறாது. பயமுறுத்தி வாங்கின உறுதியோ நீதிமன்றம் இரத்துச் செய்யும்வரை செல்லும். எனவே நொத்தாரிசின் கோவைப் படியில் உள்ள கையொப்பத்தையும் சாட்சிகள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வர வேண்டாம்.

---

நீதவான் வாசல்

பழைய ஏடு ஐயா கடதாசிப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். இந்தக் காணியில் சிக்கல் ஆட்சியில்தான் (யார் கையில் காணி இருக்கிறது என்பதில்) இருக்கிறது.

முத்திரை ஒட்டின துண்டு காணியை மாற்றாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனைக்கு வலுக் கிடையாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அதே விதி. சோலைவரி இடாப்பில் பெயர் ஏறியிருப்பதால் ஒருவர் சொந்தக்காரராகிவிட மாட்டார். கட்டினதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் அவருக்கு ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடம் இடையறாமல், உரிமைக்காரருக்கு எதிராக, தன் சொந்தமென்று ஒருவர் ஆண்டிருந்தால் நீதிமன்றம் உரிமை அவருக்கே என்று தீர்க்கலாம். அந்தத் துண்டு உறுதிக்குச் சமமாகாது. ஆனாலும் "வாடகைக்காரனாக வரவில்லை, வாங்கினவனாகத்தான் வந்தேன்" என்று காட்ட அவருக்கு உதவும்.

போரால் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எதிராளியின் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே அதன் நோக்கம். வழக்குப் போட இரண்டு வருடம்தான் தந்தது, அந்தக் காலம் 2018 இல் முடிந்துபோனது. அந்தக் குடும்பம் அப்போது வழக்குப் போட்டதா என்று முதலில் கேளுங்கள். போடவில்லையென்றால், 2009 மேக்குப் பின்னுள்ள காலத்தை மட்டும் எண்ணினாலும் பத்து வருடம் எப்போதோ கடந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் "உறுதி எங்களிடம் இருக்கிறது, யார் என்ன செய்ய முடியும்" என்று இருந்துவிடுவது இந்தக் கணக்குத் தெரியாமல்தான்.

இனி எல்லாம் ஒரு கேள்வியில் தொங்குகிறது: முதலில் கடைக்குள் வந்தவர் எப்படி வந்தார்? வாடகைக்கோ, பார்த்துக்கொள்ளச் சொல்லியோ, குடும்பத்தின் அனுமதியோடு வந்திருந்தால், எத்தனை வருடம் இருந்தாலும் அனுமதியோடு இருந்தவராகவே சட்டம் பார்க்கும். "இனி இது என்னுடையது" என்று வெளிப்படையாகக் காட்டின நாளிலிருந்துதான் பத்து வருடம் எண்ணப்படும். ஆகவே வாடகைச் சிட்டை, வங்கியில் போட்ட துண்டு, பழைய கடிதம், வாட்ஸ்அப் செய்தி என்று எது கிடைத்தாலும் பிள்ளைகளிடம் தேடச் சொல்லுங்கள். "இந்த மாதக் காசு அனுப்பியாச்சு" என்ற ஒரு வரி வழக்கையே திருப்பிவிடும்.

குடும்பம் அங்கே இருந்தது, பிறகு இடம்பெயர்ந்தது என்பதற்கும் சாட்சி சேர்க்க வேண்டும். 1990க்கு முந்தைய வாக்காளர் இடாப்பின் பிரதியை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்கலாம். பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவும் விடுகைப் பத்திரமும், முகாமில் உலர் உணவு எடுத்த அட்டை, சொத்திழப்புக்கு விண்ணப்பித்த கோவை, எல்லாம் உதவும். இழப்பீட்டுக் கோவைகளைப் பார்த்த புனர்வாழ்வு அதிகாரசபையின் வேலை, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் பின் இழப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது. கேட்க வேண்டிய இடம் அது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உறுதியைக் கையில் வாங்கிக்கொண்டு இரவில் போய்ப் புதுப் பூட்டுப் போடாதீர்கள். ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் (1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்கம்) 66ஆம் பிரிவில், சமாதானக் குலைவு வரலாம் என்று பொலிசார் அறிக்கை போடலாம், பாதிக்கப்பட்டவர் தானே மனுப் போடவும் முடியும். அங்கே யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. மனுப் போட்ட நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது வெளியேற்றினார்களா என்பதுதான் கேள்வி. பூட்டை உடைத்து அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை வரும். அதற்குள் ஊர் இரண்டாகிவிடும். 2002 ஜூனில் நடந்த கலவரத்தில் வாழைச்சேனையில் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தத் தெருவில் வியாபாரம் செய்கிறார்கள்.

---

பாகக்கயிறு

அளவுக்கு வருகிறேன். ஒரு பாகம் 6 அடி. 5 × 10 பாகம் என்றால் 30 × 60 அடி, 1,800 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆகவே 6.6 பேர்ச் சொச்சம். பழைய உறுதியில் "ஏறக்குறைய" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். கயிறு பிடித்து அளந்த காலத்தில் ஒன்றிரண்டு அடி கூடிக் குறைவது சாதாரணம். அளவு ஒன்றாகவும் எல்லை வேறாகவும் வந்தால் எல்லைதான் பலம்.

சிக்கலே எல்லை விபரத்தில்தான். "வடக்கே பிரதான வீதி, கிழக்கே இன்னாரின் கடை, தெற்கே இன்னாரின் வளவு" என்று எழுதியிருப்பார்கள். அந்த இன்னார்களும் 1990 இல் போனவர்கள். அந்த இடத்தில் இப்போது வேறு பெயர், மதில் வேறு இடத்தில். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதுப்படம் போடுங்கள். பழைய படம் ஏதும் இருந்தால் அதன்மேல் புதுப்படத்தைப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். வெறும் அளவைப்படம் என்றால் இப்போது என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். மேற்பொருத்தினால்தான் எத்தனை அடி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியும். அளக்கிற நாளை இரண்டு பக்கத்துக் கடைக்காரருக்கும், கடை நடத்துகிறவருக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் சங்கிலி இழுத்தால் அன்றைக்கே வாய்த்தர்க்கம்.

முன்பக்கம் வீதி. வீதி அகலித்த இடங்களில் முன்னால் சில அடிகள் போயிருக்கும். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தல் சட்டப்படி எடுத்திருந்தால் பிரதேச செயலகத்தில் கோவை இருக்கும், நட்டஈடு யார் பெயரில் போனது என்றும் தெரியும். அந்தப் பெயர் பெரிய தடயம். நட்டஈட்டை விசாரித்தபோது யார் வந்து உரிமை கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். பிறகு பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதிக்காக எதுவரை விட வேண்டும் என்று காட்டுவது) எடுங்கள். 60 அடி நீளமென்று விலை பேசி, மீள்கட்டும்போது கட்ட விடுவது 45 அடிதான் என்றால் விலையே வேறு.

எந்தச் சபை என்பதையும் முதலே உறுதிப்படுத்துங்கள். வாழைச்சேனைப் பக்கம் கோறளைப்பற்று, ஓட்டமாவடிப் பக்கம் கோறளைப்பற்று மேற்கு. பிரதேச செயலகம் என்று வரும்போது கோறளைப்பற்று மத்தியும் சேர்கிறது, அதன் எல்லை நெடுங்காலமாகத் தீராத பேச்சு. சோலைவரி ஒரு சபைக்கும் வியாபார அனுமதி மற்றச் சபைக்கும் கட்டி வந்தால் கட்டட அனுமதி கேட்கும் நாளில் மாட்டுவீர்கள். இலக்கத்தோடு சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

---

கடைத்தெரு

மிகவும் நன்றி ஐயா, அண்ணன்மார். இரண்டு சந்தேகம். கனடாவில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் (தங்களுக்குப் பதிலாக ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பினால் போதுமா? அவர்கள் கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். அடுத்தது, பின்பக்கத்தில் ஒரு துண்டு அரச காணி என்று கிராம உத்தியோகத்தர் சொல்கிறார். அதற்கு அரசு கொடுத்த ஒப்பம் இருக்கிறதாம்.

---

பழைய ஏடு

தம்பி, முதலில் பங்கைப் பாருங்கள், பிறகு தத்துவத்துக்கு வருவோம். மட்டக்களப்புத் தமிழருக்கு யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டமான தேசவழமை பொருந்தாது. உயில் இல்லாமல் இறந்தால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பாதி வாழ்க்கைத் துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அந்தப் பெண்மணி இறந்தபோது கணவர் உயிரோடு இருந்தாரா? இருந்தால் பாதி அவருடையது. அவர் பின்னால் இறந்திருந்தால் அந்தப் பாதி அவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் போகும். வேறு திருமணத்தில் பிள்ளை இருந்தால் அவரும் பங்காளி. "மூன்று பிள்ளைகள்" என்ற கணக்கு இங்கேதான் பிழைக்கும். தாய் தகப்பன் இருவரின் இறப்பு, விவாக அத்தாட்சிகளும் மூவரின் பிறப்பு அத்தாட்சிகளும் வேண்டும். சொத்தின் பெறுமதியைப் பொறுத்து மரணசாதன வழக்கும் (இறந்தவரின் சொத்தை நீதிமன்றம் மூலம் வாரிசுகளுக்குச் சேர்ப்பது) தேவைப்படலாம், அதைச் சட்டத்தரணி சொல்வார். கடை நடத்துகிறவருடைய பக்கத்திலும் ஒருவர் இறந்து வாரிசுகள் வந்திருந்தால் அங்கே 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைச் சட்டம். பங்குக் கணக்கு வேறு, அவர்களில் யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதும் மாறும்.

அற்றோணித் தத்துவத்தை ஒட்டாவாவிலுள்ள நம் உயர்ஸ்தானிகராலயத்திலோ டொரொன்டோ கொன்சியுலர் அலுவலகத்திலோ உறுதிப்படுத்தி, இங்கே பதிவுசெய்ய வேண்டும். "என் அலுவல்களைப் பார்க்க" என்ற பொதுவான வசனத்தோடு வந்தால் ஏற்காதீர்கள். இந்தக் காணி, இந்த எல்லை, விற்கும் அதிகாரம், காசைப் பெறும் அதிகாரம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் தத்துவம் செத்துவிடும், ஆகவே உறுதி முடிக்கிற நாளன்றே அவரோடு காணொளியில் பேசிவிடுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை விற்பதற்குத் தடையில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுப்பது வெளிநாட்டவர் வாங்குவதை. முதுசொமாக வருவதற்கு அதில் விலக்கு உண்டு, இரட்டைக் குடியுரிமைக்காரருக்கும் விலக்கு உண்டு.

முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குக் கட்ட வேண்டியது. முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாளைக்கு வழக்கென்று வந்தால் உறுதியில் உள்ள தொகைதான் நீங்கள் கொடுத்த தொகை.

முடித்ததும் தாமதிக்காமல் பதியுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியாத முந்திய உறுதியைப் பதிந்த பிந்திய உறுதி மேவிவிடும்.

---

வம்மியடி

ஒப்பக்காணி பற்றிச் சொல்கிறேன். அம்பாறைப் பக்கத்தில் 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கின பின் இதில்தான் பாதித் தகராறு. அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பக்கம் பதிவு தேடுகிறவர்கள் கல்முனைப் பதிவகத்துக்குப் போக வேண்டும். மற்றபடி சட்டம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒன்றே.

ஒப்பம் என்று சொல்லும் கடதாசி இரண்டு வகை. ஒன்று 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம். மற்றது சுவர்ணபூமி, ஜயபூமி என்று பெயர் போட்டு வந்த அளிப்புப் பத்திரம். இரண்டையும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. மாற்றினால் அந்த உறுதி வெறுங்கடதாசி. பின்னுரிமையாளர் (ஒப்பக்காரருக்குப் பின் காணிக்கு வர வேண்டியவர்) யார் என்று பிரதேச செயலகத்திலுள்ள காணிப் பேரேட்டில் பாருங்கள். பெயர் குறித்தவர், ஒப்பக்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் ஆட்சிக்கு வந்திருக்க வேண்டும். 1990 இல் முகாமில் இருந்தவர் எப்படி வந்திருப்பார்? இந்த இடத்தில்தான் நம் மக்களின் காணி நிறையக் கைநழுவிப் போனது. இரண்டு சமூகத்துக்கும் இந்த அநியாயம் நடந்திருக்கிறது.

வடக்கு கிழக்கின் அரச காணிச் சிக்கல்களுக்காகக் காணி ஆணையாளர் நாயகம் 2013/01 என்ற சுற்றறிக்கையை விட்டார். ஒரே அரச காணிக்கு இரண்டு பேரிடம் ஒப்பம் இருப்பது, ஒப்பம் தொலைந்தது, இடம்பெயர்ந்தபின் வேறொருவர் குடியிருப்பது போன்றவற்றுக்குப் பிரதேச செயலகம் விசாரிக்கும் வழி அதில் வந்தது. அந்தக் காலத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டு குடும்பத்திடம் இருந்தால் காணி உத்தியோகத்தரிடம் கோவை இலக்கத்தோடு கேளுங்கள். தனியார் உறுதிக்காணிக்கு அது பொருந்தாது, ஆகவே முன்பக்கக் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

என் அபிப்பிராயம்: முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே விலையில் பேசாதீர்கள். பின்துண்டு தனிக் கோவை, தனி விலை, அனுமதி வந்த பிறகு காசு. அரச காணிக்கு எதிராகப் பத்து வருட ஆட்சிக் கதையும் எடுபடாது.

---

ஏறாவூர்க் கடை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் சொன்னதற்கு மேல் வியாபாரப் பக்கத்தைச் சொல்கிறேன் தம்பி.

இப்படியான இடத்தில் ஆள் இருக்கிற கடையை ஆளுக்குத் தெரியாமல் வாங்கக் கூடாது. முதல் பேச்சே அவரோடு. தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர், வர்த்தகர் சங்கத்தில் இரண்டு சமூகமும் மதிக்கிற ஒருவர், அவ்வளவு போதும். பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கோயில் பரிபாலன சபையையும் முதல் நாளே இழுத்தால் விசயம் காணியை விட்டு மானத்துக்குப் போய்விடும். பேச்சு முறியும் கட்டத்துக்கு அவர்களை வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடும், கோயில் திருவிழா நாட்களிலும், ஹர்த்தால் நாளிலும் பேச வேண்டாம். தெருவில் ஆள் கூடுகிற நேரம் அது.

அவர் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: முன்னவருக்குக் கொடுத்த முற்பணம், கடைக்குள் செலவழித்த காசு. இரண்டாவதுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஆட்சிசெய்து கூரை, தரை, சுவர் என்று பெறுமதியைக் கூட்டியவருக்கு அந்த நட்டஈடு கிடைக்கும்வரை இடத்தைப் பிடித்துவைக்கும் உரிமை நம் உரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. ஆகவே அதைத் தயவாகக் கொடுக்கிற காசு போலப் பேசாதீர்கள். ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக் கட்டடத்தைத் தனியாக, நிலத்தைத் தனியாக மதிப்பிடுங்கள். ரசீது இல்லாத செலவுக்கும் அந்த மதிப்பீடு வழிகாட்டும். காசை இரண்டாகப் பிரியுங்கள்: பிள்ளைகளுக்கு நிலத்தின் விலை, அவருக்குக் கட்டடத்தின் விலையும் விட்டுக்கொடுப்புப் பணமும். உறுதியிலே அவரும் இணங்கிக் கையெழுத்து வைக்க வேண்டும். தனித் துண்டில் வாங்காதீர்கள். அவர் தன் ஆட்சியுரிமையை விட்டுவிட்டதாக நொத்தாரிசு முன் எழுதினால் நாளைக்கு அவருடைய பிள்ளைகள் வந்து கேட்க இடமில்லை.

சில வேளை அவரே வாங்க விரும்புவார். அப்போது நீங்கள் விலகி, பிள்ளைகள் அவருக்கே எழுதுவது ஊருக்கு நல்லது. அப்படியில்லாமல் அவர் வாடகைக்காரராகத் தொடர விரும்பினால் நொத்தாரிசுக் குத்தகை எழுதுங்கள். கலவரம், ஊரடங்கு, ஹர்த்தால் என்று கடை திறக்க முடியாத நாட்களுக்கு வாடகை எப்படி என்று அதிலேயே எழுதுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற பேச்சு நடந்தபோது, அந்த வரி இல்லாத குத்தகைகள்தான் முதலில் சண்டைக்கு வந்தன.

பேசித் தீராவிட்டால் வழக்குக்கு முன் காணிப் பிணக்குகளுக்கான விசேட மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது அது. சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கமும் நேரே பேசலாம். தீர்வு வந்தால் எழுத்தில் தருவார்கள், வராவிட்டால் தீரவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். காணி கைமாறும் தீர்வு என்றால் அதற்குப் பின்னும் நொத்தாரிசு உறுதி எழுதியே ஆக வேண்டும்.

கடைசியாகக் காப்புறுதி. இதை விட்டுவிட்டு எல்லையில் கடை நடத்தக் கூடாது. தீக் காப்புறுதி எடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் காசு வரும் என்று நினைக்கிறார்கள். கலவரத்தில் எரிந்தால் சாதாரணத் தீப் பத்திரம் தராது. வேலைநிறுத்தம், கலவரம், குடியியற் குழப்பம், பயங்கரவாதம் என்ற மேலதிகப் பகுதியைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். முகவரிடம் எஸ்ஆர்சிசி என்றால் விளங்கும். அந்தப் பணம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஏற்பாட்டிலிருந்து வருகிறது, மேலதிகக் கட்டணம் பெரிதில்லை.

தொகையையும் குறைத்துப் போடாதீர்கள். 40 இலட்சத்துக்குச் சரக்கு வைத்துக்கொண்டு 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 10 இலட்சம் எரிந்தாலும் 5 இலட்சம்தான் கிடைக்கும். பாதிக்குப் போட்டவருக்குப் பாதி என்பதுதான் அவர்கள் கணக்கு. நோன்புக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் தைப்பொங்கலுக்கும் சரக்கு இரட்டிக்கும் கடையென்றால் அந்த மாதங்களின் உச்சத் தொகைக்குப் போடுங்கள். சரக்குப் பதிவும் கொள்முதல் பட்டியல்களும் கடைக்குள் இருந்து எரிந்தால் கேட்க ஆதாரமில்லை. வாரத்துக்கு ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து வேறோர் ஊரிலுள்ள ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கலவரம் நடந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் காப்புறுதிக்கான அறிவித்தலும் பத்திரத்தில் குறித்த நாளுக்குள் போக வேண்டும், அந்த நாளை இப்போதே வாசித்து வையுங்கள்.

---

கடைத்தெரு

நன்றி காக்கா. முதலில் பதிவகம், பிறகு தகப்பனார் பற்றிய விபரம், அதன் பிறகு சங்கத்து ஆளோடு போய்க் கடைக்காரரிடம் பேச்சு என்று வரிசையாகச் செய்கிறேன். அட்வான்ஸ் கேட்கிறார்கள், அதை எப்போது கொடுப்பது?

---

நீதவான் வாசல்

பதிவேட்டுத் தாளும் அளவைப்படமும் கையில் வந்து, கடைக்காரர் இணங்கின பிறகு. அதுவும் நொத்தாரிசு முன் எழுதிய விற்பனை உடன்படிக்கையில். காசைப் பிள்ளைகள் மூவரின் பெயரிலும் தனித்தனிக் காசோலையாகக் கொடுங்கள். ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்தால், மற்ற இருவரும் "எங்களுக்கு வரவில்லை" என்று சொல்லும்போது நீங்கள்தான் நடுவில் நிற்பீர்கள். உடன்படிக்கையையும் பதிவகத்தில் பதியுங்கள். அது பதிவில் இருந்தால், அதற்குள் யாராவது இன்னொருவருக்கு விற்கப் பார்த்தாலும் வாங்க வருகிறவருக்குத் தாளிலேயே தெரிந்துவிடும்.